புதுச்சேரியில் பராமரிப்பு மேலாளர் பணி: முதல் வாரத்தில் எதைக் கவனிப்பது?

கடலூர்ச் செவிலியர்:
எட்டு ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய நான், பக்கவாத சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் முதியவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பராமரிப்பு மேலாளராக அடுத்த மாதம் சேர்கிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கோரிமேடு வாசி:
மாத்திரைகளிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. பழைய சீட்டிலும் புதிய சீட்டிலும் ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் இருந்ததை அறியாமல் இரண்டையும் விழுங்கி மயங்கிய ஒரு பெரியவரைப் பார்த்த நாளிலிருந்து, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொல்லி, மூலப்பெயரைப் படித்த பிறகே பேசுகிறேன். விழுங்கச் சிரமப்படுகிறாரா, நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து:
முகவரியையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழக அரசின் திட்டம் என்பதால், இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் கடலூர் மாவட்ட வீடுகளுக்கு அதன் வழியே கிடைக்கும்; புதுச்சேரி வீடுகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கோரிமேடு வாசி:
உண்மை. இரவில் கண்விழிக்கும் மருமகளிடமும் தனியே பேசுங்கள். அவர் சோர்ந்தால் நோயாளியின் பராமரிப்பும் தடுமாறும்.