இலண்டன்–பரிஸ் மடிப்புச் சைக்கிள் ஓட்டம்: வரப்போகிறவர்கள் பார்க்க

அன்பான உறவுகளே, வணக்கம்.

வாசிகசாலை நிதிக்காக இலண்டனிலிருந்து பரிசுக்குச் சைக்கிளில் போவது பற்றி வந்த மடல்களில் பாதி, "மடிக்கிற சைக்கிள் அவ்வளவு தூரம் தாங்குமோ?" என்றே கேட்கின்றன. தாங்கும். பெரிய சில்லுச் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு ஓடினால்தான் பின்சில்லும் முழங்காலும் இரண்டாம் நாளே கணக்குத் தீர்க்கும்.

மடிப்புச் சைக்கிளைத் தேர்ந்ததன் காரணம் திரும்பி வரும் வழி. யூரோஸ்டார் றெயிலில் 85 செ.மீ. நீளத்துக்குள் மடிந்து, உறைக்குள் இருக்கும் சைக்கிளைக் கைப்பொதியாகவே கொண்டு வரலாம். 16 அங்குலச் சில்லு மடிப்புச் சைக்கிளான பிறாம்ப்டன் மடிந்தால் ஏறத்தாழ 65 செ.மீ. நீளம், 59 உயரம், 27 அகலம். 20 அங்குலச் சில்லு மடிப்புகள் சில இந்த 85-ஐ மட்டுமட்டாகத் தொடும். வீட்டிலேயே மடித்து, பெடலையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

நாம் போகும் பாதை 'அவெனியூ வேர்ட்' என்ற இலண்டன்–பரிஸ் சைக்கிள் வழி. 2012 இலண்டன் ஒலிம்பிக்கையொட்டித் திறந்தது. லண்டன் ஐ அருகே தொடங்கி நோத்ரடாம் தேவாலயத்தில் முடிகிறது. குறுகிய கிளையால் போனால் சுமார் 400 கி.மீ. பிரான்சின் போவே நகர் வழியாகப் போகும் கிழக்குக் கிளை அதைவிட நீளம், நமக்கு வேண்டாம். ஆறு நாளில் போனால் நாளுக்கு 65–70 கி.மீ. சின்னச் சில்லில் சராசரி மனிதர் மணிக்கு 15 கி.மீ. ஓடுவார், சாப்பாடு, வழி தேடல், பஞ்சர் எல்லாம் சேர்த்தால் 11 அல்லது 12 என்றுதான் கணக்குப் போட வேண்டும். நான்கு நாளில் முடிப்போம் என்று எழுதியிருக்கும் தம்பிமார் இந்தப் பெருக்கலை ஒருதரம் செய்து பாருங்கள்.

கஷ்டமான பகுதி பிரான்சில் இல்லை, இங்கிலாந்தில்தான். வேர்த் வே, ஃபொறஸ்ட் வே இரண்டும் பழைய றெயில் தடங்கள். தார் போடாத தரை, மழை பெய்தால் சேறு. பிறாம்ப்டனில் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. சேறு அதற்குள் அடைத்தால் சில்லு இறுகும். முன்சில்லில் ஒரு கல் மாட்டினால் ஓடுகிறவர் தலைக்கு மேலால் போவார். சரசரவென்று சத்தம் கேட்டவுடன் நின்று, குச்சியால் சுரண்டி எடுங்கள். நல்ல மழை நாளானால் அந்தத் துண்டை விட்டுத் தார் வீதியால் போவதே புத்தி. கடலுக்கு அப்பால் ஆர்க்-லா-பத்தாயில் தொடங்கி நெஃப்சாத்தல் வழியாக ஃபோர்ஜ்-லெ-ஓ வரை 40 கி.மீ.க்கு மேல் தார் போட்ட பழைய றெயில் தடம், ஏற்றமும் குறைவு. முதல் இரண்டு நாள் களைப்பு அங்கே ஆறும்.

ரயர் விஷயத்தில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். '16 அங்குலம்' என்று கடையில் கேட்டால் 305 மி.மீ. றிம் விட்டமுள்ள சிறுபிள்ளைச் சைக்கிள் ரயரைத் தருவார்கள். பிறாம்ப்டனுக்கு வேண்டியது 349. 305 அந்த றிம்மில் ஏறாது. நோர்மண்டிக் கிராமங்களில் 349 கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு இரண்டு ரியூப், நான்கு பேருக்கு மடித்து வைக்கும் ரயர் ஒன்று, ஒட்டும் பெட்டி ஒன்று. 406 (20 அங்குல) சில்லுக்காரருக்கு இந்தக் கவலை குறைவு, பீஎம்எக்ஸ் ரியூப் எங்கும் உண்டு. காற்றழுத்தம் 349-இல் பின்னுக்கு 90 பிஎஸ்ஐ அளவு, முன்னுக்கு 80. ரயர் ஓரத்தில் அச்சிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். சின்ன ரியூபில் காற்றின் அளவே கொஞ்சம் என்பதால் அழுத்தம் கெதியாக இறங்கும். காற்றுக் குறைந்த ரயர் குழியில் விழுந்தால் ரியூப் றிம்மில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும்.

பின்சில்லில் பஞ்சர் என்றால் எடுத்தவுடன் சில்லைக் கழற்றாதீர்கள். ஓட்டை தெரிகிற இடத்தில் ரயரை ஒரு பக்கம் மட்டும் கிளப்பி, ரியூபை வெளியே இழுத்து, அப்படியே ஒட்டலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் மூன்று கியர்ச் சைக்கிளில் 3-ஆம் கியருக்கு மாற்றிக் கேபிளைத் தளர்த்துங்கள். அச்சுக்குள் போகும் சின்னச் சங்கிலியைத் திருகிக் கழற்றுங்கள். செயின் இழுவையை எடுத்த பிறகு 15 மி.மீ. ஸ்பனரால் இரண்டு நட்டையும் தளர்த்துங்கள். வாஷர்களை வந்த ஒழுங்கிலேயே துணியில் அடுக்கி வையுங்கள். மடிப்புப் பல் உள்ள வாஷர் மாறிப் பூட்டினால் அச்சு சுழன்று கியர் கெடும். திரும்பப் பூட்டியபின் 2-ஆம் கியரில் வைத்து, நட்டிலுள்ள துளையால் பாருங்கள்: உள்ளே தெரியும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு மட்டமாக, மிஞ்சினால் 1 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். இது தவறினால் ஏற்றத்தில் கியர் வழுக்கும், பெடல் வெறுமையாகச் சுற்றும். இந்த 15 மி.மீ. ஸ்பனரை மறந்து வருகிறவர்தான் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

இருக்கைத் தண்டுக்கு எண்ணெய், கிறீஸ் எதுவும் பூசக் கூடாது. வழுக்கி வழுக்கி இறங்கும். இருக்கை இரண்டு செ.மீ. இறங்கினாலே மாலையில் முழங்கால் சொல்லும். தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, சரியான உயரத்தில் ஒரு நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள்.

சுமை முன்பக்கம் போகட்டும். பிறாம்ப்டனின் முன்பக்கப் பை சட்டத்தில் மாட்டுவது, கைபிடியோடு திரும்பாது. அதனால் 6, 7 கிலோ வைத்தாலும் ஓட்டம் தளம்பாது. எல்லை 10 கிலோ. பின்னால் கட்டினால் குதிக்கால் பையில் இடிக்கும், ஏற்கெனவே பாரம் தாங்கும் பின்சில்லுக் கம்பிகள் தெறிக்கும். ஆளும் பொருளும் சேர்த்து 110 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. பிறேக் கட்டைகளைப் புறப்படுமுன் புதிதாக மாற்றுங்கள். சின்ன றிம் ஒரே தூரத்துக்குக் கூடுதல் சுற்றுச் சுற்றுவதால் கட்டையும் றிம்மும் கெதியாகத் தேயும்.

பயிற்சிக்கு எட்டுக் கிழமை போதும். சனிக்கிழமை 25 கி.மீ.யில் தொடங்கி, கிழமைக்கு 5 அல்லது 6 கூட்டிக்கொண்டு போங்கள். கடைசி மூன்று வாரமும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட வேண்டும். ஒரு நாள் 70 ஓடுவது பெரிய காரியமில்லை, மறுநாள் காலை அதே இருக்கையில் திரும்ப இருப்பதுதான்.

இங்கிலாந்தின் நியூஹேவனிலிருந்து பிரான்சின் தியேப்புக்குக் கப்பல் நான்கு மணி நேரம். இரவுக் கப்பலில் கடிகாரமும் ஒரு மணி முன்னே ஓடுவதால் நித்திரை இராது. பகல் கப்பலே நல்லது. இலங்கைக் கடவுச்சீட்டும் பிரித்தானிய வதிவிட உரிமையும் மட்டும் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், இப்போதே விண்ணப்பியுங்கள். இறைச்சியும் பால் பொருளும் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. ஆகவே அக்காமார் கட்டித் தரும் ஆட்டிறைச்சி றோல்ஸ் நியூஹேவனுக்கு முன்னரே முடிய வேண்டும்! பிரான்சில் ஓடும்போது காதில் இயர்போன் மாட்டக் கூடாது. ஊருக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் மங்கிய நேரத்திலும் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம்.

காசு விஷயம். கப்பல், அறை, சாப்பாடு எல்லாம் ஓடுகிறவரின் சொந்தக் காசு. நன்கொடைக் கணக்கோடு ஒரு சதமும் கலக்கக் கூடாது. "எங்கட காசில ஊர் சுத்தப் போனவை" என்ற கதை ஒருதரம் கிளம்பினால் அடுத்த வருடம் ஒருவரும் தரமாட்டார்கள். பிரித்தானியாவில் வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் திட்டம்) படிவத்தில் ஒப்புதல் தந்தால் 10 பவுண் 12.50 ஆகும். ஆனால் வாங்கும் அமைப்பை வரித் திணைக்களம் அறநிலையமாக ஏற்றிருக்க வேண்டும்; ஊர்ச் சங்கம் என்ற பெயர் மட்டும் போதாது. அறப்பணிச் சங்கத்துக்கு இங்கிலாந்தில் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் அறநிலைய ஆணையத்தில் பதிவதும் கட்டாயம். இதை முடிக்காமல் நன்கொடைப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். கனடா உறவுகளுக்கு இந்தப் படிவம் பயன்படாது. அங்கே வரிப் பற்றுச்சீட்டுக்கு அந்நாட்டில் பதிந்த அறநிலையம் வேண்டும்.

நோத்ரடாமில் படம் எடுத்த பிறகு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் வரை ஓடலாம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அங்கிருந்து யூரோஸ்டார் புறப்படும் கார் து நோர் நிலையம் நடை தூரம். உறைக்குள் போடுமுன் சேற்றைக் கழுவி விடுங்கள்.

வருகிறவர்கள் பெயரோடு சில்லின் அளவையும் எழுதுங்கள், 349 அல்லது 406. ரயர் ஓரத்தில் இருக்கும். மாற்று ரியூப் எத்தனை வாங்குவது என்று அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.