2008 அமெரிக்கத் தேர்தல்: ஒபாமாவின் வரித்திட்டம் செல்வப் பறிப்பா?

கேள்வி:
2008 அக்டோபரில் ஒஹையோ மாநிலத்தில் வாக்குச் சேகரித்துக்கொண்டிருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமா, சொந்தமாகத் தொழில் ஒன்றை வாங்க எண்ணியிருந்த குழாய்ப் பணியாளர் ஒருவரிடம், செல்வத்தைப் பரவலாக்குவது எல்லோருக்கும் நல்லது என்று சொல்லப்போக, அக்டோபர் 15 அன்று நடந்த கடைசி விவாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் அதையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார். ஆண்டு வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டினால் உழைப்பின் பலன் பறிபோய்விடும் என்ற அச்சத்தில் உண்மை எவ்வளவு?

மறுமொழி 1:
எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம் பொருந்தும் என்பதை மேடைகளில் நிதானமாக விளக்கியவர்கள் குறைவு. கழிவுகள் போக, ஒரு தம்பதியின் வரிக்குரிய வருமானம் 2,80,000 டாலர் என்று கொள்வோம். அந்த அடுக்கில் 33 சதவீதமாக இருந்த வரியை 36 ஆக்குவதே ஒபாமாவின் திட்டம். ஆகவே எல்லைக்கு மேற்பட்ட 30,000 டாலருக்கு 3 சதவீதம், அதாவது 900 டாலர்தான் கூடுதலாகச் செலுத்த நேரும். தொழிலின் மொத்த விற்பனை வேறு, உரிமையாளரின் வரிக்குரிய வருமானம் வேறு என்பதும் அந்தச் சந்தடியில் மறைந்துபோனது.

மறுமொழி 2:
கணக்கு சரிதான், என் ஆட்சேபம் கொடுக்கும் பக்கத்தைப் பற்றியது. உழைப்போருக்கு ஆளுக்கு 500 டாலர் என்று ஒபாமா அறிவித்த சலுகை, வருமான வரியே செலுத்தாதவருக்கும் பணமாகப் போய்ச் சேரும். அரசின் கணக்கில் அத்தகைய தொகை செலவினமாகவே பதிவாகும்போது, அதை வரிக்குறைப்பு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

மறுமொழி 3:
அப்படியானால் அதே அளவுகோலை மெக்கெய்னுக்கும் வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்காகக் குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று அவர் முன்வைத்த சலுகையும் வருமான வரி செலுத்தாதவருக்குக் கிடைக்கும் வகையிலேயே வகுக்கப்பட்டிருந்தது. மேலும், வருமான வரி வரம்புக்குள் வராத தொழிலாளியின் சம்பளத்திலும் சமூகப் பாதுகாப்பு என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாக 7.65 சதவீதம் முதல் டாலரிலிருந்தே பிடிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கை ஈடுசெய்யவே 500 டாலர் என்ற ஒபாமா தரப்பின் வாதம் எனக்கு ஏற்புடையதே. குறைந்த வருமானத்தில் உழைப்போருக்கான வரிச்சலுகை 1975இல் அதிபர் ஃபோர்டு காலத்தில் தொடங்கி, 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் விரிவடைந்தது. இருவரும் குடியரசுக் கட்சியினர் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை!

மறுமொழி 2 எழுதியவர்:
காப்பீட்டுச் சலுகை பற்றிய வாதம் வலுவானது. என்றாலும் எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று: 2001இல் புஷ்ஷின் வரிக்குறைப்பு வசதி படைத்தோருக்கே பெரிதும் பயன்படுகிறது என்று சொல்லி எதிர்த்து வாக்களித்த மெக்கெய்ன், 2008இல் அதே குறைப்பு தொடர வேண்டும் என்று வாதாடினார். குழாய்ப் பணியாளரை விட்டுவிட்டு, இடைப்பட்ட ஏழாண்டுகளில் என்ன மாறியது என்று மெக்கெய்னை மடக்கிக் கேட்டிருக்க வேண்டும்.