உபுண்டு 22.04-இல் இருந்து 24.04: ஆப்ட், வென்வ், போஸ்ட்கிரெஸ் மூன்றும் ஒன்றாகச் சிக்கியிருக்கிறது

நிலாவெளி_சேர்வர்:

நிலாவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸின் புக்கிங் சேர்வர். 22.04-இல் இருந்து 24.04-க்கு ஏற்றியாச்சு. மெஷின் எழும்புகிறது, நெட்வேர்க்கும் சரி. மிச்சம்தான் இழுபறி.

ஆப்ட்-இல் (உபுண்டுவில் பேக்கேஜ் போடும் கருவி) லிப்ஜிடி-டெவ் என்ற பட லைப்ரரியைக் கேட்டால் லிப்ஜிடி3-இன் வேறொரு வேர்ஷன் வேணும் என்று சொல்லி "ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" என்று நிற்கிறது. பில் அடிக்கிற பிஎச்பி பக்கத்துக்காக முன்பு ஒரு பிபிஏ (வெளியார் பேக்கேஜ் தரும் ரெப்போ, அதாவது களஞ்சியம்) சேர்த்திருந்தது.

புக்கிங்குக்கான ஜாங்கோ 3.2 (பைத்தன் வெப் ஃபிரேம்வேர்க்) ஆப் எழும்பவில்லை: "நோ மொடியூல் நேம்ட் ஜாங்கோ". வென்வ் (ஆப்புக்கான தனிப் பைத்தன்) போல்டருக்குள் ஜாங்கோ கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது! பைத்தன் பேக்கேஜ் போடும் பிப் அடித்தால் "எக்ஸ்டேர்னலி மேனேஜ்ட் என்வைரன்மென்ட்". ஆப்புக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 16 தானாக வந்திருக்கிறது, டேட்டா எல்லாம் 14-இல்.

பைத்தன் 3.10-ஐ வெளியில் இருந்து போட்டு, பைத்தன்3 லிங்கை அதற்குத் திருப்பிவிட்டால் முடியுமா? மே மாதச் சீசனுக்கு முன் சரிக்கட்ட வேணும்.

உவர்மலை:

தம்பி, அந்த லிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். 24.04-இல் ஆப்ட்-ஓடு ஒட்டிய பைத்தன் துண்டுகள் 3.12-க்குக் கட்டப்பட்டவை. லிங்கைத் திருப்பினால் "ஆப்ட்_பிகேஜி இல்லை" என்று தொடங்கி, பேக்கேஜ் இறக்கி முடிகிற நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளும் விழும். பிறகு டிபிகேஜி (ஆப்ட்-இன் அடியில் பேக்கேஜைப் போடுவது) நடுவழியில் நிற்கும். பிப்பின் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற சுவிட்சும் வேண்டாம், அதன் பெயரே போதும்.

முதலில் ஆப்ட். "டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ" ஒருதரம் ஓட்டி அரைகுறை எதுவும் இல்லை என்று பாருங்கள். பிறகு "ஆப்ட் பொலிசி லிப்ஜிடி3". மூன்று நட்சத்திரம் போட்ட வரிதான் இப்போது இருப்பது. அதன் கீழே 100 என்ற எண்ணோடு டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் இருந்தால், அந்த வேர்ஷனைத் தருகிற ரெப்போ ஒன்றும் இப்போது இல்லை. வேர்ஷன் பெயரின் வாலில் "22.04" தெரியும். அப்கிரேட் செய்யும்போது வெளி ரெப்போக்கள் எல்லாம் அணைக்கப்படும், அதில் இருந்து வந்த பேக்கேஜ்கள் மட்டும் அப்படியே தங்கிவிடும். பழையதின் எண் புதியதை விடப் பெரிதாக இருப்பதால் ஆப்ட் தானாகக் கீழே இறக்காது. முடிச்சு அங்கேதான்.

"ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்ட்" கொடுத்து, "லோக்கல்" என்று முடிகிற வரிகளை மட்டும் எடுங்கள். இப்படித் தங்கியவை முழுக்க அதில் வரும். பிபிஏ இனியும் வேணும் என்றால் சோர்சஸ் போல்டரில் அதன் கோப்பைத் திறந்து, ஜாமி (22.04-இன் பெயர்) என்பதை நோபில் (24.04-இன் பெயர்) ஆக்கித் திரும்ப இயக்குங்கள். உபுண்டுவின் பிஎச்பி 8.3 போதும் என்றால் பிபிஏ-வை விட்டுவிட்டு, பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, பொலிசி காட்டும் நோபில் வேர்ஷனை அப்படியே எழுதி இறக்குங்கள். என் யோசனை இரண்டாவது, ஒரு பில் பக்கத்துக்கு பிபிஏ தேவையில்லை. எதுவானாலும் முதலில் "-எஸ்" போட்டு ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் போஸ்ட்கிரெஸ் 14 இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வென்வ்: அதற்குள் இருக்கும் பைத்தன் வெறும் லிங்க், சிஸ்டத்தின் பைத்தன்3-ஐக் காட்டுகிறது. அது இப்போது 3.12. ஆகவே லிப் போல்டருக்குள் "பைத்தன்3.12"-ஐத் தேடும், உங்கள் ஜாங்கோ இருப்பது "பைத்தன்3.10"-இல். வென்வ்-இன் சொந்தப் பிப்பும் அதே காரணத்தால் செத்திருக்கும், நீங்கள் அடித்தது சிஸ்டத்தின் பிப். பழைய போல்டரை அழிக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்று போடுங்கள். புதியதின் பிப்பில் "ஃப்ரீஸ் --பாத்" கொடுத்து, பழைய 3.10-இன் சைட்-பேக்கேஜஸ் பாதையை எழுதுங்கள். இல்லாத ரிக்வயர்மென்ட்ஸ் பட்டியல் வேர்ஷன் எண்களோடு வந்துவிடும்.

பட்டியலை அப்படியே ஏற்றாதீர்கள். பைத்தன் 3.12-க்கு நம்பை 1.26, பில்லோ 10.1, சைகோபிஜி2-பைனரி 2.9.9 அல்லது அதற்கு மேல் வையுங்கள். குறைந்த எண் என்றால் பிப் அதை இந்த மெஷினிலேயே கட்டப் பார்க்கும், "பிஜி_கொன்ஃபிக் இல்லை" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் டெவ் பேக்கேஜ்களைத் தேடி ஓடாமல் எண்ணை உயர்த்துங்கள்.

கிண்ணியா_பாலம்:

போஸ்ட்கிரெஸ் பகுதியை நான் சொல்கிறேன். "பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்" அடியுங்கள், இருக்கும் கிளஸ்டர்கள் (டேட்டாபேஸ் தொகுதிகள்) தெரியும். 14 மெயின் 5432 போர்ட்டிலும் 16 மெயின் 5433-இலும் நிற்கும். 16 வெறுமையானது, புது பேக்கேஜ் தானாக உண்டாக்கியது.

1. "பிஜி_டம்ப்ஆல்" கொண்டு டம்ப் (டேட்டா முழுவதையும் எழுதிய கோப்பு) எடுத்து வேறு மெஷினுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள். கோப்பின் கடைசி வரிகளைத் திறந்து பாருங்கள், நடுவில் அறுந்த டம்ப் பார்வைக்கு நல்ல டம்ப் மாதிரியே இருக்கும்.
2. ஆப்பை நிறுத்துங்கள்.
3. "பிஜி_டிரொப்கிளஸ்டர் --ஸ்டொப் 16 மெயின்". 16-ஐத்தான்! இந்தக் கொமாண்ட் "நிச்சயமா?" என்று கேட்காது. 14 என்று அடித்தால் டேட்டா போனது போனதுதான்.
4. "பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்". சும்மா ஓட்டினால் டம்ப் முறைதான், டேட்டாவின் இரண்டாவது பிரதி ஒன்று உண்டாகும். அதற்கு டிஸ்கில் இடம் இருக்க வேணும்.

முடிந்ததும் 16 தானே 5432-ஐ எடுத்துக்கொள்ளும், ஆப்பின் செட்டிங்கை மாற்றத் தேவையில்லை. 14 வேறு போர்ட்டில் நிறுத்தி வைக்கப்படும். ஒரு கிழமை பார்த்துவிட்டு அழியுங்கள்.

டம்ப் முறைக்கு இன்னொரு லாபம்: சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.35-இல் இருந்து 2.39-க்குப் போயிருக்கிறது. எழுத்து வரிசை விதி மாறினால் பெயர்களுக்குப் போட்ட பழைய இன்டெக்ஸ் பிழையாகிவிடும். டம்பில் இன்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படுவதால் அந்தத் தலையிடி இல்லை.

நிலாவெளி_சேர்வர்:

நன்றி நானா, 16 ஓடுகிறது. ஆப்ட்-உம் சரி. புது வென்வ்-இல் ஜாங்கோ 3.2 இப்போது "டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை" என்கிறது.

உவர்மலை:

பேக்கேஜ் கட்ட உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் பைத்தன் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. முன்பு வென்வ் போட்டால் செட்அப்டூல்ஸ் கூடவே வரும், 3.12-இல் பிப் மட்டும்தான் வருகிறது. செட்அப்டூல்ஸைக் கையால் போட்டால் அது ஒரு மாற்று டிஸ்ட்யூட்டில்ஸ் தரும், இன்றைய இரவைக் கடத்தலாம். ஆனால் 3.2-க்கு 3.10 வரைதான் ஆதரவு. 4.2.8-க்கு ஏறுங்கள், 3.12 ஆதரவு அதில்தான் வந்தது.

ஏறும்போது மூன்று இடம் இடிக்கும். "யூகெட்டெக்ஸ்ட்" போய்விட்டது, "கெட்டெக்ஸ்ட்" என்று மாற்றுங்கள். பழைய "யூஆர்எல்" இம்போர்ட்டுக்குப் பதில் "ரீ_பாத்". இந்த இரண்டும் எரராக உடனே தெரியும். மூன்றாவது, ஜாங்கோவின் செக் கொமாண்டில் எரராக வந்தாலும் ஆப் ஓடும்போது சத்தமில்லாதது: போலிப் படிவங்களைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் ட்ரஸ்டட் ஒரிஜின்ஸ் பட்டியலில் முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்க வேணும். விட்டுவிட்டால் பக்கங்கள் எல்லாம் வடிவாகத் திறக்கும், புக்கிங் படிவத்தை அனுப்பும்போது மட்டும் 403 (அனுமதி மறுப்பு) வரும். ஆகவே முகப்பைத் திறந்து பார்த்துவிட்டு விடாதீர்கள். பொய்ப் பெயரில் ஒரு அறை பதிந்து, ரத்தும் செய்து பாருங்கள்.