லோஞ்சி முடிச்சு நழுவுகிறது, என்ன வழி?

கேள்வி: மியான்மரின் யாங்கோனில் அலுவலகத்துக்கு லோஞ்சிதான் (பர்மிய லுங்கி). முன்முடிச்சு அரைமணியில் தளர்கிறது, பஸ் ஏறினால் இன்னும் மோசம். பெல்ட் போடலாமா அண்ணே?

பதில்: புதுத் துணியா தம்பி? கஞ்சி போகும்வரை வழுக்கும். இரண்டு முறை அலசுங்கள். பின்பக்கம் முதுகோடு ஒட்டி நிற்க, மிச்சத் துணியை இரு பக்கமும் இறுக்கி இழுங்கள். விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலே இருக்கட்டும். இரு பிடியையும் நடுவில் சேர்த்து, ஒன்றோடொன்று அரைச்சுற்று முறுக்கி, ஒரு முனையை உள்ளே செருகுங்கள். முறுக்காத செருகல் நிற்காது. மூச்சை வெளியே விட்டபின் கட்டுங்கள். வயிறு உப்பியிருக்கும்போது கட்டினால், அது உள்வாங்கியதும் தளர்ந்துவிடும்.

பதில் 2: முதுகுப் பக்கம் போனைச் செருகுகிறீர்களா? அந்தக் கனமே விளிம்பைக் கீழே இழுக்கும். சட்டைப்பையில் வையுங்கள். படி ஏறும்போது முன்மடிப்பைக் கையால் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள்.

பதில் 3: பருத்திக்கு பெல்ட் வேண்டாம், பட்டுக்குப் போடலாம். பெண்கள் கட்டும் லோஞ்சியான தமேய்னில் மேல்விளிம்பில் கறுப்புப் பருத்திப் பட்டை தைப்பார்களே, அது பிடிப்புக்குத்தான். உங்கள் பட்டு லோஞ்சிக்கும் உள்பக்கம் மெல்லிய பருத்தி நாடா தைத்துப் பாருங்கள், வெளியே தெரியாது.