நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் சரியாகிறது: இரத்தக் குழாய் தடிப்பாக இருக்குமா?

கேள்வி (மகள், மதுரை):
என் தந்தைக்கு 63 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பீடியையும் முழுமையாக விடவில்லை. சில மாதங்களாகக் காலையில் நடக்கும்போது, தெருமுனைப் பிள்ளையார் கோயிலை எட்டியதும் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிப்பதாகச் சொல்லிச் சுவரில் கையூன்றி நின்றுவிடுகிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் வலி விட்டுவிடுகிறது. மீண்டும் நடந்தால் அதே அளவு தூரத்தில் திரும்பவும் பிடிக்கிறது. வாதம் என்று தைலம் தேய்த்து வருகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1 (பொதுநல மருத்துவர்):
சகோதரி, தைலத்தோடு விட்டுவிடாதீர்கள். தமனி தடித்து உட்புறம் குறுகினாலும், ஓய்வில் இருக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் ஓரளவு கிடைத்துவிடும். நடக்கையில் தேவை கூடும்போதுதான் பற்றாக்குறை வலியாகத் தெரியும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டாலும் நடக்கையில் வலிக்கும். ஆனால் அது நின்றால் அடங்காது, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோதான் பெரும்பாலும் குறையும்.

கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் பார்த்து விகிதம் கணக்கிடுவார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். 1.4-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். சர்க்கரை நோயில் சுண்ணாம்புச்சத்து படிந்து குழாய் பட்டையால் இறுக்கினாலும் அமுங்காதபோதுதான் எண் அப்படி உயரும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் 2 (திருச்சி):
என் கணவருக்கு வலியே தெரியவில்லை அம்மா. சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்தது. செருப்பு வார் உரசிய சிறு புண் ஒரு மாதமாகியும் ஆறாததைச் சர்க்கரைப் புண் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். முன்னங்காலில் முடி உதிர்ந்து தோல் பளபளத்ததையும், இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உறங்கியதையும் நான் தினமும் பார்த்தேன், பொருள் புரியவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 3 (பொதுநல மருத்துவர்):
மேலே அம்மா எழுதியவை அனைத்தும் முற்றிய நிலையின் அடையாளங்கள். காலில் தடித்த குழாய் இதயத்திலும் கழுத்திலும் தடித்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே மாடி ஏறுகையில் நெஞ்சு இறுகுகிறதா, பேச்சு குழறியோ ஒரு கண் மங்கியோ சில நிமிடங்களில் சரியானதுண்டா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டுக் கடுமையாக வலித்தால், நேரத்தைக் கணக்கிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
நேற்றிரவு அப்பா உறங்கியபின் இரு பாதங்களையும் தொட்டுப் பார்த்தேன். இடது பாதம் மட்டும் குளிர்ந்திருந்தது. நாளைக் காலை இரத்தக் குழாய் அறுவை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.