லைனை வெட்டிவிட்டுப் படித்த மடல்கள்

பீடோங்காரன்:

பழைய மடற்குழு (ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் மின்னஞ்சலில் வரும் குழு), கருத்துக்களம் (இணையப் பக்கத்தில் போய் எழுதும் மன்றம்) பற்றிய அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள், என்னுடையது இது. 1999இல் மலேசியாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அதனால் வீட்டில் டெலிபோன் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இணையத்துக்கான 1515ஐ அழைத்தால் மோடம் கூவும், அம்மா சமையலறையிலிருந்து "யாராவது போன் பண்ணா எப்படிடா கிடைக்கும்" என்று கத்துவார். "மூன்றே நிமிடம்தான் அம்மா" என்பேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அன்றைக்கு வந்த மடல்களை எல்லாம் இறக்கிக்கொண்டு லைனை வெட்டிவிடுவேன். அப்புறம் அம்பது அறுபது மடல்களை நிதானமாகப் படித்து, பதிலும் எழுதி வைத்து, மறுநாள் ராத்திரி மூன்று நிமிடத்தில் அனுப்புவேன். பில் நிமிடக் கணக்கில் ஏறிய காலம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு இணையம் என்றாலே மடற்குழுதான்.

முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுத்து மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அகத்தியர் மடற்குழுவை நடத்திய டாக்டர் ஜெயபாரதி இதோ பக்கத்துச் சுங்கைப் பட்டாணி. அவர் எழுதும் நீள நீளமான மடல்களைப் படிக்கும்போது, பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கும் மனுசன் உலகத்துக்கே எழுதுகிறாரே என்று இருக்கும்.

மானம் போனது வேறொரு குழுவில், பெயர் வேண்டாம். பெரியவர் ஒருவர் எதை எடுத்தாலும் இலக்கணப் பிழை சொல்வார். கடுப்பாகி, குழுவில் இருந்த நண்பனுக்கு மட்டும் "இந்தக் கிழவருக்கு வேற வேலையே இல்லையா" என்று பதில் தட்டினேன். அந்தக் குழுவில் பதில் பொத்தானை அழுத்தினால் மடல் தனி ஆளுக்குப் போகாது, மொத்தக் குழுவுக்கும் போகும், அப்படி அமைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும், ஆனாலும் கை முந்திக்கொண்டது. லைனையும் வெட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் ராத்திரி இறக்கிப் பார்த்தால் இருபத்துச் சொச்சம் மடல், எல்லாவற்றுக்கும் தலைப்பு என்னுடையதே. பெரியவரிடமிருந்தும் ஒன்று: "வேற என்பது பேச்சு வழக்கு தம்பி, எழுதும்போது வேறு என்று எழுதுங்கள்." அவ்வளவுதான். இன்றைக்கு வரை அந்த எழுத்தை நான் தப்பாக எழுதியதில்லை.

கருத்துக்களமாக இருந்திருந்தால் ஓடிப்போய் அழித்திருப்பேன். 2002 வாக்கில் பிஎச்பிபிபி என்ற களம் நடத்தும் மென்பொருளைப் போட்டு ஆளாளுக்குக் களம் திறந்தபோது எனக்குப் பிடித்ததும் அதுதான், எழுதியதைத் திருத்தலாம். ஆனால் அதே வசதியில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒருவர் திட்டி எழுதுவார், நாலு பேர் பதிலுக்குப் பாய்வார்கள், அவர் சத்தமில்லாமல் தன் பதிவைத் திருத்தி "பொங்கல் வாழ்த்துகள்" என்று மாற்றிவிடுவார். புதிதாக வந்து படிப்பவனுக்கு, வாழ்த்து சொன்ன மனுசனை நாலு பேர் அடிக்க வருவது போலத் தெரியும். அதோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் லைன் வேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் மைலோ கலக்கிக் குடித்துவிடலாம்.

நான் இருந்த களம் ஒரு நாள் திறக்கவில்லை. நடத்தியவர் சர்வர் பணம் கட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆறு வருச எழுத்து, ஒரு வரி மிஞ்சவில்லை. மடற்குழுக்கள் நடந்த யாஹூ குழுக்களும்தான் போயின, 2019 அக்டோபர் 28க்கு மேல் எதையும் ஏற்ற முடியாமல் போய், 2020 டிசம்பர் 15இல் மொத்தமாக மூடிவிட்டார்கள். ஆனால் அந்த மடல்கள் முன்பே என் கணினிக்கு வந்து சேர்ந்தவை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் கிடக்கின்றன, என் அசிங்கம் உட்பட.

குளுவாங் தங்கச்சி:

அண்ணே, நீங்கள் சொல்வது ஆண்பிள்ளைக் கதை. எங்கள் வீட்டில் ஒரே மின்னஞ்சல் முகவரி, அது அண்ணனுடையது. குழுவில் சேர்ந்தால் எனக்கு வரும் ஒவ்வொரு மடலையும் முதலில் அவர்தான் படிப்பார். அதனால் இரண்டு வருசம் நான் எதுவுமே எழுதவில்லை. களம் வந்த பிறகுதான் டவுனில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து, புனைபெயர் வைத்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்தில் அம்மா பழம் பொறுக்குவதைப் பற்றி முதல் தடவையாக எழுதினேன். என் களமும் இப்போது இல்லை. ஆனாலும் மடற்குழுதான் உசத்தி என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்று, களத்தில் சமையல், அரசியல், கவிதை என்று தனித்தனி அறை இருக்கும், வேண்டியதை மட்டும் படித்துவிட்டு வரலாம். உங்கள் குழுவில் இலக்கணச் சண்டையும் சாம்பார் குறிப்பும் ஒரே பையில்தானே வந்து விழும்?

பீடோங்காரன்:

விழும் தங்கச்சி. எங்கள் வீட்டில் அம்மா சாம்பார் மடலை மட்டும் அச்செடுத்துத் தரச் சொல்வார்.

தைப்பிங் மழை:

அண்ணே, அந்த டிஸ்க்கை முதலில் நகல் எடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு டிபிஎக்ஸ் கோப்பாக வைத்திருக்கும், இப்போதைய விண்டோஸில் அந்த மென்பொருளே கிடையாது. எம்பாக்ஸ் என்ற பொதுவான மடல் கோப்பாக மாற்றிவிட்டால் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் திறக்கலாம். எழுத்து குப்பையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும், இப்போதைய யூனிகோடுக்கு மாற்றினால் படிக்கலாம். முடிந்தால் அந்தப் பெரியவர் மடலை இங்கே போடுங்கள். பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.