டிவி புள்ளி இரைச்சலைத் தறியில் நெய்தால் படம் ஏன் நீள்கிறது?

அம்மாபேட்டைத் தறி: சிக்னல் போன டிவித் திரையைச் சுவர்த்துணியாக நெய்கிறோம். 480 ஊக்கு ஜக்கார்டு (அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவைத் தூக்கும் கருவி), அங்குலத்துக்குப் பாவு (நெட்டு நூல்) 80, ஊடை (குறுக்கு நூல்) 60. கறுப்புப் பாவு, வெள்ளை ஊடை. 480×480 பிக்சல் படம் 6 அங்குல அகலம், 8 அங்குல உயரமாக வருகிறது. கறுப்புப் பகுதியில் நூல் தொங்கி, நகம் பட்டாலே இழுபடுகிறது.

அட்டைக்காரன்: ஒரு பிக்சல் வரிக்கு ஓர் ஊடை, ஓர் அட்டை. 480-ஐ 60-ஆல் வகுத்தால் 8தானே வரும்! உயரத்தை 360 பிக்சல் ஆக்குங்கள், 6 அங்குலம் வரும். அட்டையும் 360 போதும், 120 மிச்சம்.

தொங்கலுக்குக் காரணம், கறுப்பு பிக்சலை அப்படியே துளையாக்கியது. பாவு முழுக்க மேலேயே நிற்கும், ஊடை அதைப் பிடிக்கவே பிடிக்காது. 8 இழை சாட்டின் (எட்டு ஊடைக்குள் பாவை ஒருமுறையாவது கட்டும் நெசவு) போடுங்கள். கறுப்புக்கு 7/1 (பாவு 7 ஊடைக்கு மேல், 1-க்குக் கீழ்), வெள்ளைக்கு 1/7, இடையில் ஐந்து சாம்பல். நூல் 7 இழைக்கு மேல் தாண்டாது. 480 பாவும் எட்டால் வகுபடுவதால் ஓரத்தில் கோடும் விழாது.

கொண்டலாம்பட்டித் தறி: சாம்பலுக்கு நடுவே சாதா நெசவை (ஒன்று மேல், ஒன்று கீழ்) கலக்காதீர்கள். அந்தப் பாவு அதிகம் வளைந்து சீக்கிரம் தீரும், விறைத்து அறுந்துவிடும். பக்கத்து சாட்டின் பாவோ தொய்யும். முதலில் ஏழு சாயலையும் 2 அங்குலப் பட்டையாக நெய்து பாருங்கள். அடுத்தடுத்த சாம்பல்கள் நூலில் ஒன்றுபோலத்தான் தெரியும், நாலே போதும்.